ஒளிர்மை அலகுகளை மாற்றுதல்: பை (π) நுழையும் இடமும் நுழையாத இடமும்

கேட்கப்பட்ட கேள்வி இது: பார்வைப் புலத்தைச் சோதிக்கும் பழைய கருவி ஒன்றின் கையேட்டில் பின்னணி ஒளி 31.5 அப்போஸ்டில்ப் என்று அச்சாகியிருக்கிறது. அதைக் கேண்டிலாக் கணக்குக்கு மாற்றினால் ஒரு மாற்றி 10.03 என்கிறது, இன்னொன்று 31.5 என்றே காட்டுகிறது. எதை நம்புவது? லாம்பர்ட், ஃபுட்-லாம்பர்ட், ஸ்டில்ப், ஸ்காட் என்று மற்ற நூல்களில் வரும் அலகுகளை எப்படி மாற்றுவது?

சரியான விடை சதுர மீட்டருக்கு 10.03 கேண்டிலா. இரண்டாவது மாற்றி தட்டச்சுப் பிழை எதையும் செய்யவில்லை. இரண்டு வெவ்வேறு அளவுகளை ஒன்றாக எண்ணிவிட்டது. அந்தக் குழப்பத்தைப் புரிந்துகொண்டால் மற்ற அலகுகள் எல்லாம் வெறும் பரப்பளவுக் கணக்காகச் சுருங்கிவிடும் என்பதால், மாற்றெண்களைக் கொடுப்பதற்கு முன் அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

லூமினன்ஸ் என்று சொல்லப்படும் ஒளிர்மை, ஒரு பரப்பு நம் கண்ணை நோக்கி எவ்வளவு அடர்த்தியாக ஒளியை அனுப்புகிறது என்பதைக் குறிக்கிறது. ஒரு பரப்பின் மீது வந்து விழும் ஒளி வேறு; அதை ஒளியூட்டம் என்போம், அதன் அலகு லக்ஸ். மேசை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கருப்பு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டின் மீதும் விழும் லக்ஸ் ஒன்றுதான், ஆனால் ஒளிர்மை பல மடங்கு வேறுபடும். பன்னாட்டு முறையில் ஒளிர்மையின் அலகு சதுர மீட்டருக்குக் கேண்டிலா; கேண்டிலா என்பது ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவுக்கான அலகு. திரை விற்பவர்களும் தொலைக்காட்சித் துறையினரும் இதையே நிட் என்று சொல்கிறார்கள். ஒளிர்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1 நிட் என்பதும் சதுர மீட்டருக்கு 1 கேண்டிலா என்பதும் முற்றிலும் ஒன்றே.

இனி, ஒளிர்மை அலகுகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் குடும்பம் கேண்டிலாவை நேரடியாகப் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது: நிட், ஸ்டில்ப், சதுர அடிக்குக் கேண்டிலா, சதுர அங்குலத்துக்குக் கேண்டிலா. இவற்றில் பை (π, ஏறக்குறைய 3.14) கிடையாது. இரண்டாவது குடும்பம் அப்படி வகுத்ததை மேலும் ஒருமுறை பை-யால் வகுத்துக் கிடைப்பது: அப்போஸ்டில்ப், லாம்பர்ட், ஃபுட்-லாம்பர்ட், ஸ்காட். மாற்றத்தில் நேரும் பெரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு குடும்பத்து அலகை மறு குடும்பத்தில் வைத்துக் கணக்கிட்டதால் வருபவை என்பது என் அனுபவம். ஆகவே இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 3.14 மடங்கு வேறுபட்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

பை எங்கிருந்து வருகிறது? எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே ஒளிர்மையுடன் தெரியும் ஒரு மங்கலான வெள்ளைப் பரப்பை எண்ணிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசிய சுவர் அதற்கு அருகில் வரும். அதன் ஒரு சதுர மீட்டர், நேர்முகமாகப் பார்ப்பவருக்கு 1 கேண்டிலாச் செறிவுடன் ஒளியை அனுப்புகிறது என்று கொள்வோம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அந்தச் சதுர மீட்டர் சுருங்கித் தெரிவதால் செறிவும் சாய்கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறைகிறது. பரப்புக்கு முன்னால் இருக்கும் அரைக்கோளத்தின் திண்மக்கோணம், அதாவது முப்பரிமாணக் கோணம், 2 பை ஸ்டெரேடியன். அந்த அரைக்கோளம் முழுவதிலும் கொசைனின் சராசரி சரியாக அரை. ஆகவே பரப்பிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி 2 பை × அரை, அதாவது பை லூமன் (லூமன் என்பது மொத்த ஒளியின் அலகு). 2 பை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். கொசைன் அதைப் பாதியாக்கிவிடுகிறது என்பதுதான் இங்கே நுட்பமான செய்தி.

இதைத் திருப்பிப் போடுங்கள். விழும் ஒளி முழுவதையும் எல்லாத் திசைகளிலும் சீராகத் திருப்பி அனுப்பும் ஒரு முழுநிறை வெள்ளைப் பரப்பின் மீது 1 லக்ஸ் விழுந்தால், சதுர மீட்டருக்கு 1 லூமன் வெளியேற வேண்டும். ஆகவே அதன் ஒளிர்மை சதுர மீட்டருக்கு 1/பை கேண்டிலா, அதாவது 0.3183. அந்த ஒளிர்மைக்கு வைத்த பெயர்தான் அப்போஸ்டில்ப். லக்ஸில் அளந்த எண்ணை எதிரொளிப்பு விகிதத்தால் பெருக்கினால் போதும், பை இல்லாமலே ஒளிர்மை கிடைத்துவிடும் என்ற வசதிக்காக உருவான அலகு இது. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்த வசதி சிறியதல்ல. 500 லக்ஸ் விழும் மேசையில், விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் தாள் ஒன்று கிடந்தால் அதன் ஒளிர்மை 400 அப்போஸ்டில்ப் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். பன்னாட்டு அலகில் வேண்டுமானால் 400-ஐப் பை-யால் வகுக்க வேண்டும்: சதுர மீட்டருக்கு 127 கேண்டிலா. அருகில் இருக்கும் கணினித் திரையை இதே 127 நிட் அளவுக்கு அமைத்தால் தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் தெரியும்; அச்சுக்கு முன் நிறம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அன்றாடம் பயன்படும்.

உங்கள் இரண்டாவது மாற்றி செய்தது இப்போது விளங்கும். 31.5 அப்போஸ்டில்ப் ஒளிர்மையுள்ள சீரான பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு 31.5 லூமன் வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் அது வெளியேறும் மொத்த ஒளி, ஒளிர்மை அல்ல. லூமன் இருந்த இடத்தில் கேண்டிலாவை எழுதியதுதான் பிழை.

பெயர்களுக்கு வருகிறேன். அப்போஸ்டில்பின் மறுபெயர் பிளாண்டெல். பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே பிளாண்டெலின் நினைவாக வைக்கப்பட்டது, மதிப்பில் வேறுபாடு இல்லை. ஸ்டில்ப் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 1 கேண்டிலா; ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் இருப்பதால் 1 ஸ்டில்ப் 10,000 நிட். பெயரில் ஸ்டில்ப் என்ற ஒலி இருப்பதால் அப்போஸ்டில்பையும் அதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு: ஸ்டில்ப் பை இல்லாத குடும்பம், அப்போஸ்டில்ப் பை உள்ள குடும்பம், இரண்டுக்கும் இடையே 31,416 மடங்கு. உயர் ஒளிவீச்சுக் காணொளிக்கான எஸ்எம்பிடிஇ எஸ்டி 2084 தரநிலையின் உச்ச வரம்பு 10,000 நிட். யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றாலும் அது சரியாக 1 ஸ்டில்ப்.

1760-இல் ஒளியளவியல் குறித்த அடிப்படை நூலை வெளியிட்ட யோஹான் ஹைன்ரிக் லாம்பர்ட்டின் பெயரைத் தாங்கிய அலகு, சதுர சென்டிமீட்டருக்கு 1/பை கேண்டிலா. ஆகவே 1 லாம்பர்ட் என்பது 3183.1 நிட், அல்லது 10,000 அப்போஸ்டில்ப். அன்றாடப் பயன்பாட்டுக்கு இது மிகப் பெரிது என்பதால் நூல்களில் மில்லிலாம்பர்ட்டையே அதிகம் பார்ப்பீர்கள்: 3.1831 நிட், சரியாக 10 அப்போஸ்டில்ப். ஃபுட்-லாம்பர்ட் என்பது சதுர அடிக்கு 1/பை கேண்டிலா. ஓர் அடி 0.3048 மீட்டர் என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டிருப்பதால் சதுர அடி 0.09290304 சதுர மீட்டர். அதன் தலைகீழ் 10.7639, அதைப் பை-யால் வகுத்தால் 3.4263 நிட். மில்லிலாம்பர்ட்டும் ஃபுட்-லாம்பர்ட்டும் மதிப்பில் நெருங்கியிருப்பதைக் கவனியுங்கள்: 1 மில்லிலாம்பர்ட் 0.929 ஃபுட்-லாம்பர்ட். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிட்டால் 7 விழுக்காடு பிழைதான் வரும். அத்தகைய சிறு பிழை பை பிழையைப் போலக் கண்ணை உறுத்தாமல் அட்டவணைகளில் நெடுநாள் ஒளிந்துகொண்டிருக்கும்.

சில பழைய ஆங்கில நூல்களில் ஃபுட்-லாம்பர்ட்டை ‘ஈக்குவிவலன்ட் ஃபுட்-கேண்டில்’ என்று எழுதியிருப்பார்கள். ஃபுட்-கேண்டில் என்பது விழும் ஒளியின் அலகு, 10.764 லக்ஸ்; ‘ஈக்குவிவலன்ட்’ என்ற முன்சொல்தான் அதை ஒளிர்மையாக்குகிறது. அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டுப் படித்தால் அளவே மாறிவிடுகிறது. அதேபோல் சதுர அடிக்குக் கேண்டிலா என்பதும் ஃபுட்-லாம்பர்ட்டும் ஒன்றல்ல, முன்னது 10.764 நிட், பின்னதைப் போலப் பை மடங்கு.

திரையரங்கில் ஃபுட்-லாம்பர்ட் இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம் நான் மேலே சொன்ன அதே வசதிதான். படவீழ்த்தி 10,000 லூமன் தருகிறது, திரையின் பரப்பு 500 சதுர அடி, திரையின் கெயின் 1 (அதாவது முழுநிறை வெள்ளைப் பரப்புக்குச் சமமாக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது) என்றால் 10,000-ஐ 500-ஆல் வகுத்து 20 ஃபுட்-லாம்பர்ட் என்று முடித்துவிடலாம். மெட்ரிக் முறையில் 500 சதுர அடியை 46.45 சதுர மீட்டராக்கி, 215.3 லக்ஸ் கண்டு, பை-யால் வகுத்து 68.5 நிட் என்று வர வேண்டும், 20-ஐ 3.4263-ஆல் பெருக்கினாலும் அதே 68.5 தான். டிஜிட்டல் சினிமாவுக்கான தரநிலை திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் கேட்கிறது, அது 47.97, ஆகவே 48 நிட் என்று எழுதப்படுகிறது.

இந்த 14-ஐ வைத்தே பிழைகளின் அளவைக் காட்டிவிடலாம். 14-ஐச் சதுர அடிக்குக் கேண்டிலா என்று படித்தவர் 150.7 நிட் என்பார். 48-ஐ அப்போஸ்டில்ப் என்று எண்ணி மறுபடியும் பை-யால் வகுத்தவர் 15.3 என்பார். ஒருமுறை என் கையிலேயே இது நடந்தது: ஒளிமானியின் அலகுத் தெரிவு ஃபுட்-லாம்பர்ட்டில் இருப்பதைக் கவனிக்காமல், அதில் தெரிந்த 14.2-ஐ நிட் என்று குறித்துக்கொண்டு, படம் ஏன் இவ்வளவு இருண்டிருக்கிறது என்று விளக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு நன்றாகவே இருந்தது. அன்றிலிருந்து எண்ணைக் குறிப்பதற்கு முன் அலகை எழுதிவிடுகிறேன்.

உங்கள் துறைக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் 1945-இல் அறிமுகப்படுத்திய பார்வைப் புலமானியில் தூண்டல் ஒளியின், அதாவது நோயாளிக்குக் காட்டும் ஒளிப்புள்ளியின், உச்சம் 1000 அப்போஸ்டில்ப்; அதிலிருந்து 315, 100, 31.5 என்று படிப்படியாகக் குறையும். ஒவ்வொரு படியும் அரை மடக்கை அலகு, அதாவது 10-இன் வர்க்கமூலமான 3.162 மடங்கு. பை-யின் மதிப்போ 3.142. இரண்டும் ஏறக்குறைய ஒன்று! ஆகவே இந்தத் துறையில் அலகுக் குடும்பத்தை மாற்றிப் படித்தால், கணக்கு உடைந்ததாகவே தெரியாது; தூண்டல் ஒளி ஒரு படி, அதாவது 5 டெசிபெல், தள்ளியிருப்பதைப் போல மட்டும் தெரியும். துல்லியமாகச் சொன்னால் பை மடங்கு என்பது 4.97 டெசிபெல். இரண்டு கருவிகளின் முடிவுகளை ஒப்பிடும்போது 5 டெசிபெல் வேறுபாடு தொடர்ந்து ஒரே சீராக வந்தால், நோயாளியின் விழித்திரையைச் சந்தேகிப்பதற்கு முன் அலகைச் சரிபார்க்க வேண்டும்.

டெசிபெல் என்பதும் இங்கே தனித்த அலகு அல்ல. அந்தந்தக் கருவியின் உச்ச ஒளியிலிருந்து எவ்வளவு குறைக்கப்பட்டது என்பதே அது. ஹம்ஃப்ரி என்ற மற்றொரு பார்வைப் புலக் கருவியில் உச்சம் 10,000 அப்போஸ்டில்ப். அதுவே 0 டெசிபெல். ஆகவே 30 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, 10 அப்போஸ்டில்ப், 3.18 நிட். உச்சம் 1000 அப்போஸ்டில்ப் உள்ள கருவியில் அதே 10 அப்போஸ்டில்ப் 20 டெசிபெல் என்று பதிவாகும். உச்ச மதிப்பு தெரியாமல் டெசிபெல்லை ஒளிர்மையாக மாற்ற வழியே இல்லை.

மிக மங்கலான ஒளிக்கு வருகிறேன். ஸ்காட் என்ற பெயர் இருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அப்போஸ்டில்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0003183 நிட். பிரில் என்ற அலகு லாம்பர்ட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று அட்டவணைகளில் இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் அதுவும் ஸ்காட்டின் மதிப்பேதான். ஆனால் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸின் வழியில் எழுதப்பட்ட கட்டுரைகளில் பிரில் என்பது கண்ணுக்குத் தோன்றும் பிரகாசத்தின் அளவு. ஒளிர்மை எட்டு மடங்கு உயர்ந்தால் தோற்றம் ஏறக்குறைய இரு மடங்கே உயரும் என்ற வகையான உறவு அது. அந்தப் பிரில்லை ஒரு மாறிலியால் பெருக்கி நிட் ஆக்க முடியாது. எந்தப் பிரில் என்று தெரியாமல் அந்தச் சொல்லைத் தொடாமலிருப்பதே நல்லது.

வானியலாளர்கள் இரவு வானத்தின் ஒளிர்மையைச் சதுர வில்நொடிக்கு (வானத்தின் மிகச் சிறிய கோணச் சதுரத்துக்கு) இத்தனை விண்மீன் தரம் என்று அளக்கிறார்கள். இது தலைகீழ் மடக்கை அளவு: எண் பெரிதாக ஆக வானம் இருளும், 5 எண் கூடினால் ஒளிர்மை நூறில் ஒரு பங்காகும். மாற்றும் வாய்பாடு எளிது: தரத்தை 0.4-ஆல் பெருக்கி, அந்த அடுக்குக்கு 10-ஐ உயர்த்தி, 1,08,000-ஐ அதனால் வகுத்தால் சதுர மீட்டருக்குக் கேண்டிலா கிடைக்கும். 22 தரமுள்ள நல்ல இருண்ட வானம் 0.000171 நிட், 18 தரமுள்ள வெளிச்சம் கலந்த வானம் 0.0068 நிட், ஏறக்குறைய 40 மடங்கு. இருண்ட வானம் அரை ஸ்காட்டுக்குச் சற்றே மேல் வருகிறது. இருளின் பெயர் பெற்ற அலகுக்குப் பொருத்தமான அளவுதான். வானியலாளரின் வடிகட்டி மனிதக் கண்ணின் உணர்திறனோடு முழுதும் ஒத்துப்போவதில்லை என்பதால் இந்த வாய்பாட்டின் விடையை இரண்டு இலக்கத் துல்லியத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

ட்ரோலண்ட் என்ற அலகையும் சிலர் ஒளிர்மைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது விழித்திரையில் விழும் ஒளியின் அளவு: நிட் எண்ணைக் கண்பாவையின் பரப்பால், சதுர மில்லிமீட்டரில், பெருக்கினால் வருவது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாவைக்குப் பரப்பு 7.07, 100 நிட் திரையைப் பார்க்கும் அந்தக் கண்ணில் 707 ட்ரோலண்ட். பாவையின் அளவு தெரியாவிட்டால் மாற்றம் இல்லை. லெனார்ட் ட்ரோலண்ட் இந்த அலகுக்கு முதலில் வைத்த பெயர் ஃபோட்டான். எனவே பழைய பார்வை அறிவியல் கட்டுரையில் இத்தனை ஃபோட்டான் என்று கண்டால் அதை ஒளித்துகளின் எண்ணிக்கையாகப் படித்துவிடாதீர்கள்.

பழைய நூல்களில் இன்னொரு கேள்வி எழும்: அலகின் பெயர் சரி, அதற்குள் இருக்கும் கேண்டில் எது? கேண்டிலா 1948-இல்தான் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டது. பிளாட்டினம் உறையும் வெப்பநிலையில் உள்ள கரும்பொருளின் (தன்மீது விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருளின்) ஒளிர்மை சதுர சென்டிமீட்டருக்குச் சரியாக 60 கேண்டிலா, அதாவது 60 ஸ்டில்ப், என்று அப்போது நிலைநிறுத்தினார்கள். அதற்கு முந்தைய பன்னாட்டுக் கேண்டிலில் அதே ஒளிர்மை 58.9 என்று அளக்கப்பட்டிருந்ததால், பழைய கேண்டில் ஏறக்குறைய 1.02 கேண்டிலா. ஜெர்மனியில் வழங்கிய ஹெஃப்னர் கேண்டிலோ ஏறக்குறைய 0.9 கேண்டிலா. 1979-இல் வரையறை 540 டெராஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கும் வாட்டுக்கு 683 லூமன் என்ற மாறிலிக்கும் மாறியது. அந்த மாற்றத்தில் எண்கள் நடைமுறையில் அசையவில்லை. ஆகவே 1948-க்கு முந்தைய ஜெர்மன் அளவீடு ஒன்றை மாற்றும்போது, ஹெஃப்னர் அடிப்படையா என்று பார்க்காமல் விட்டால் 10 விழுக்காடு தவறலாம்.

நடைமுறையில் நான் செய்வது, எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் நடுவில் நிட்டில் ஒருமுறை இறங்கிக்கொள்வது. மாற்றெண்ணை முழுத் துல்லியத்தோடு வைத்துக் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் அளவீட்டுக்குத் தகுந்தபடி சுருக்குகிறேன். உங்கள் கையேட்டின் 31.5 என்ற எண் மூன்று இலக்கத்தில் தரப்பட்டிருக்கிறது, அதை 10.0268 என்று எழுதுவது அந்தக் கருவி தராத துல்லியத்தைக் கொடுத்ததாகிவிடும். 10.0 நிட் என்று எழுதி, அருகில் அடைப்புக்குறிக்குள் 31.5 அப்போஸ்டில்ப் என்ற மூல எண்ணையும் அப்படியே விட்டுவையுங்கள். பின்னால் சரிபார்க்க வருபவருக்கு அந்த மூல எண்தான் தேவைப்படும்.